யானை திரும்பியது, படை ஓடியது

சீகிரியாக் குன்றை அறியாதார் இந்நாட்டில் இலர். மாத்தளை மாவட்டத்தின் வடபால், சமநிலத்தினின்றும் ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்துக்குத் தன்னந்தனியே எழுந்து நிற்கும் அப்பாறையின் உச்சியிலே, கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் மாளிகை சமைத்தான். தந்தை தாதுசேனனைக் கொன்று முடிபுனைந்தவன் அவன். முடிக்கு உரியவனான தம்பி மொகல்லானன் பாரத நாட்டுக்குத் தப்பியோடி விட்டான். அவன் என்றோ ஒருநாள் படையோடு திரும்புவான் என்ற அச்சம் பதினெட்டு ஆண்டுகளும் காசியப்பனை உறங்கவிடவில்லை.

அந்த அச்சம் செய்த ஆயத்தங்களை இன்றும் நாம் கண்ணாரக் காண்கின்றோம். அகழி வெட்டினான், மதில் எழுப்பினான், குன்றின் உச்சியில் மழைநீர் தேங்கப் பாறையையே குடைந்து குளம் ஆக்கினான், அடிவாரத்துப் பூங்காவுக்கு நிலத்தின் கீழே நீர்வழி அமைத்தான். மாரி காலத்தில் அங்குள்ள நீரூற்றுக்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தும் பீச்சியடிக்கின்றன. சேமிப்பிலே குறைகாண எவராலும் இயலாது.

ஆயினும் அக்கோட்டை அவனைக் காத்ததா? இல்லை. சூளவம்சம் சொல்வது இது: தம்பி படையோடு வந்தபோது காசியப்பன் குன்றை விட்டுச் சமவெளிக்கு இறங்கினான். போர்முனையிலே அவன் ஏறியிருந்த யானை எதிரே சதுப்பு நிலம் கிடக்கக் கண்டு, வேறு வழி கொள்ளத் திரும்பியது. பின்னே நின்ற படையோ, ‘அரசன் புறங்கொடுத்தான்’ என்று எண்ணிக் கலைந்து ஓடிற்று. தனித்து விடப்பட்ட மன்னன் தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்டான்.

இக்கதையில் வரலாறு எவ்வளவு, நூலாசிரியரின் கைச்சரக்கு எவ்வளவு என்பதை ஆராய்ச்சியாளர் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே. யானை திரும்பினால் என்ன பொருள், அரசனைக் காணாவிடின் எங்கே கூடுவது, யார் சொல்லைக் கேட்பது என்று அரசனும் படையும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. நீர் இருந்தது, நெல் இருந்தது, மதில் இருந்தது. பேசி வைத்த குறி மட்டும் இல்லை.

இப்பழங்கதையை இன்று எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்னும் புயல் கிழக்குக் கரையால் ஏறி இத்தீவைக் குறுக்கறுத்தது. இருபத்தைந்து மாவட்டங்களில் ஒன்றேனும் தப்பவில்லை. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்களில் ஒரே நாளில் கொட்டிய மழை சில இடங்களில் 400 மில்லிமீற்றரையும் கடந்தது. மலை சரிந்தது, பாதை அறுந்தது, புகையிரதப் பாதை அந்தரத்தில் தொங்கியது. மின்சாரம் போயிற்று; அதன் பின்னே தொலைபேசியும் போயிற்று. கொழும்பில் இருந்த மகன் மாத்தளை மலையில் இருந்த தாய் உயிரோடு இருக்கின்றாளா என்று அறியாது நாட்கணக்கில் தவித்தான். ஒரே தோட்டத்தின் மேற்கணக்கில் இருந்தவர்க்குக் கீழ்க்கணக்கின் கதி தெரியவில்லை.

அந்நாட்களில் எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்று நம் நெஞ்சைத் தைக்கின்றது. எச்சரிக்கை தமிழிலே காலந்தாழ்த்தி வந்தது, சில வேளைகளில் வரவேயில்லை என்பதே அது. மலையடியில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு, அவர் வாசித்து விளங்கக்கூடிய மொழியிலே ‘வெளியேறு’ என்ற ஒரு சொல்லைக் கொண்டுசேர்க்க இயலாத அரசு இயந்திரம் எதற்கு? கேட்கவேண்டிய கேள்வியே. கேட்போம். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னர், கடல் கடந்த ஒரு சிறு தீவின் செய்தியையும் நம்மவர் அறிதல் வேண்டும்.

ஒரு சொல் காத்த தீவு

சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமலூ என்றொரு தீவு உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் கிடந்த தீவு அது. அன்று இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும் அன்று பட்ட பாட்டை நாம் மறக்க இயலுமா? கடல் உள்வாங்கியதைக் கண்டு, துள்ளும் மீனைப் பொறுக்க ஓடிய நம் பிள்ளைகள் எத்தனை பேர்! சிமலூவிலோ, ஏறத்தாழ எழுபத்தெண்ணாயிரம் மக்களுள் மாண்டவர் எழுவரே.

அங்கே அபாயமணி இருந்ததா? கோபுரம் இருந்ததா? இல்லை. 1907ஆம் ஆண்டிலே அத்தீவை ஒரு பேரலை அழித்தது. உயிர் தப்பியோர் தம் பிள்ளைகளுக்கு ‘ஸ்மொங்’ என்றொரு சொல்லை வைத்துச் சென்றனர். நிலம் நெடுநேரம் குலுங்கிய பின் கடல் பின்வாங்கினால் அது ஸ்மொங். எதையும் எடுக்காதே, எவரையும் கேளாதே, மேட்டுக்கு ஓடு. பாட்டி தாலாட்டிலே சொன்னாள். தந்தை கதையிலே சொன்னான். தொண்ணூற்றேழு ஆண்டுகளின் பின்னர் ஒருவன் அச்சொல்லைக் கூவ, ஊர் முழுதும் மலை ஏறிற்று.

காசியப்பனுக்குக் கோட்டை இருந்தது, குறி இல்லை. சிமலூ மக்களுக்குக் குறி இருந்தது, கோட்டை இல்லை. நம் குடும்பங்களின் நிலை யாது? படித்த உத்தியோகத்தர் வீட்டிலே மின்பிறப்பாக்கி இருக்கும். காரிலே எண்ணெய் நிறைந்திருக்கும். மூத்தவன் கையில் விலையுயர்ந்த தொலைபேசி இருக்கும். நள்ளிரவில் வெள்ளம் புகுந்தால் பாட்டியை யார் தூக்குவது என்று கேட்டுப் பாருங்கள். கணவன் மனைவியைப் பார்ப்பான். மனைவி மகனைப் பார்ப்பாள்.

‘அரசின் கடமையை ஏழையின் தலையிலே ஏற்றப் பார்க்கின்றீரோ?’ என்று தோழர் ஒருவர் அண்மையில் ஒரு கூட்டத்தில் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. மண்சரியும் சரிவிலே லயன்காம்பராவைக் கட்டியவன் தொழிலாளி அல்லன். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தனவே, அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு ஆண்டுகள் பல முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அம்மக்களுக்கு வேறு நிலம் கொடுக்கப்படவில்லை. நிலம் இல்லாதவனிடம் ‘விழிப்பாயிரு’ என்று சொல்லிவிட்டு நகர்வது கொடுமையே. ஆகையால் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் என்ற கோரிக்கையை நாம் ஒருபோதும் கைவிடுவதற்கில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அரசின் தலையிலே திட்டவட்டமான கடமைகளை வைக்கின்றது. ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் தத்தம் அனர்த்தத் திட்டத்தை ஆக்கி வைத்தல் வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையோ, சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள மாகாணத்திலும், தமிழில் எழுதித் தமிழிலேயே மறுமொழி பெறும் உரித்தை எவர்க்கும் அளிக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ‘எமது பிரிவுக்கான அனர்த்தத் திட்டம் எங்கே? தமிழ்ப்படி எங்கே?’ என்று எவரும் எழுத்திலே கேட்கலாம். கேட்டவர் எத்தனை பேர்? சட்டத்தரணிகளாகிய நாமே கேட்டிலோம். இதில் நான் முதற் குற்றவாளி.

ஆயினும் தோழருக்கு நான் சொன்ன விடை இது: வழக்கு வெல்ல ஆண்டுகள் செல்லும், மலை சரிய ஒரு நொடி போதும். வழக்கையும் நடத்துவோம், பிள்ளைக்குப் பாதையையும் காட்டுவோம். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்துவதற்கு என்ன காரணம் இருக்கின்றது?

வீட்டிலே செய்யத்தக்கது

மழையை அளக்கப் பழகுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு பால்மாத் தகரத்தை வெட்டவெளியிலே, மரநிழல் படாத இடத்தில் வைத்து, பள்ளிப்பிள்ளையின் அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை அளந்தால் அதுவே மழைமானி. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அஃதாவது ஏழரைச் சென்ரிமீற்றர் கடந்தால் விழித்திருக்க வேண்டும். 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 கடந்தால் சரிவிலே இருத்தல் ஆகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கொண்டுள்ள அளவுகள் இவையே. கொழும்பிலிருந்து செய்தி வராவிட்டாலும் தகரம் செய்தி சொல்லும். இவ்வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பெரியவர்கள் மறப்பார்கள், பிள்ளை மறவாது.

மழைக்கணக்கை மட்டும் நம்பியிருத்தலும் பிழை. நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு, புதிதாய்ச் சுரக்கும் ஊற்று, தெளிந்து ஓடிய நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகிய இவை மலை பேசும் மொழி. இவற்றுள் ஒன்றைக் கண்டால் ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று படுக்கப் போகக் கூடாது.

சீகிரியா, தம்புள்ளைப் பக்கத்துச் சமநிலத்தில் கமம் செய்வோருக்குக் கவலை வேறு. அவர்களுக்கு மேலே நிற்பது மலை அன்று, குளக்கட்டு. தாதுசேனனிடம் ‘உன் செல்வம் எங்கே?’ என்று கேட்டபோது அவன் கலாவெவ நீரை அள்ளிக் காட்டி, ‘இதுவே என் செல்வம்’ என்றானாம். செல்வந்தான்; கட்டு உடைந்தால் அதுவே கூற்றம். 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியற்சாமத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே மாண்டதை மூத்த கமக்காரர் மறந்திரார். கட்டின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிந்திருந்தால் கவனியுங்கள். கலங்கி மண்ணோடு வந்தால் ஊரை எழுப்புங்கள். மாரியில் முறைவைத்துக் கட்டுக் காத்த பழைய வழக்கம் பல ஊர்களில் அற்றுப்போயிற்று. கமக்காரர் அமைப்புக்கள் அதை மீட்பது உரமானியத்துக்கு மனு எழுதுவதிலும் அவசரமான வேலை. வெள்ளம் வரும் இரவில் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள். கட்டி நின்ற மாடு நீந்தாது. விதைநெல்லில் ஒரு பங்கை மேட்டுநிலத்து உறவினர் வீட்டிலே வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பின்னரே நோய் வருகின்றது. கிணறு இறைத்துக் குளோரின் இடும்வரை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் வீதம் மூன்று நாளுக்கான குடிநீர் வீட்டில் இருத்தல் நன்று. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருக்குங்கள். உப்பு மிகுந்தால் தீங்கு. ஆகவே கரண்டியைக் கத்தியால் மட்டம் தட்டியே அளக்க வேண்டும். சேற்று வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பாம்பு தீண்டினால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது பேச்சு. இரவுச் சோற்றுக்கு வீட்டார் அனைவரும் ஒன்றாய் அமரும் ஒருநாள் பேசி முடிவு செய்யுங்கள். எந்தச் சொல் கேட்டால் எல்லாரும் எழவேண்டும்? கைக்குழந்தை யார் கையில்? பாட்டி யார் தோளில்? பிரிந்துபோனால் எந்தக் கோயில் மண்டபத்தில், எந்தப் பாடசாலையில் கூடுவது? தொலைபேசி செத்தால், வெளிமாவட்டத்து எந்த உறவினரிடம் ஒவ்வொருவரும் செய்தி சேர்ப்பது? அந்த உறவினரின் எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். கருவி அணைந்தால் அதற்குள் இருக்கும் எண்ணால் பயன் யாது? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசின் 119, நோயாளர் வண்டியின் 1990 ஆகிய மூன்றையும் வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பின்னர் ஓரிரவு விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பாதையை நடந்து பாருங்கள். நாங்கள் நடந்து பார்த்தோம். பதினைந்து நிமிடம் என்று நான் கணக்கிட்ட வழி, என் தாயாரின் முழங்கால் நோவோடு நாற்பது நிமிடம் எடுத்தது. பின்கதவுத் திறப்பு எங்கே என்பது என் மனைவி ஒருத்திக்கே தெரிந்திருந்தது! வழக்குமன்றத்தில் ஊருக்கு நியாயம் சொல்பவன் தன் வீட்டுத் திறப்பை அறியாது நின்ற வெட்கத்தை நான் இங்கு மறைக்கவில்லை.

கடதாசிப் பொதி

தமிழன் வீட்டிலே உயிருக்கு அடுத்தபடி காக்கவேண்டியது கடதாசி. இது வேடிக்கைப் பேச்சன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்டு என்றது. இந்த மண்ணிலே பிறந்து, இந்த மலையிலே தேயிலை நட்டு, இங்கேயே மாண்ட பரம்பரையிடம் துண்டுக் கடதாசி கேட்டது. குற்றம் சட்டத்தினது, ஆயினும் அதற்குத் தண்டனை பட்டவர் கடதாசி இல்லாதவரே. 1958இலும் 1977இலும் 1983இலும் வீடு எரிந்தபோது உறுதியும் பிறப்புச் சான்றும் சேர்ந்து எரிந்தன. மாத்தளை நகரத்துத் தமிழர்க்கு 1983 யூலையை நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. முத்துமாரியம்மன் கோயில் தேருமே அன்று தப்பவில்லை. அக்காலத்துத் தாய்மார் பலர் தலைமாட்டிலே ஒரு துணிப்பொதியை ஆண்டுக்கணக்கில் வைத்துறங்கினர். அனர்த்த ஆயத்தம் என்று இன்று மேலைநாட்டார் புத்தகம் எழுதிச் சொல்வதை நம் தாயர் புத்தகம் இல்லாமலே கற்றிருந்தனர். கலவரம் கற்பித்த பாடத்தை வெள்ளத்துக்கும் மலைச்சரிவுக்கும் எடுத்தாள்வதில் என்ன தடை?

பிறப்பு, விவாகச் சான்றுகள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் படிகளை நீர் புகாத உறையில் இட்டு வாசலருகே மாட்டுங்கள். உறுதி தொலைந்தாலும் காணி தொலைவதில்லை. உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் மடிப்பு இலக்கம் ஆகியவை தெரிந்திருந்தால் சான்றுபடுத்திய படியைப் பதிவகத்திலே பெறலாம். அந்நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படியை வெளியூர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு கமம் செய்வோர் தம் பத்திரத்தின் இலக்கத்தையும் அவ்வாறே குறிக்க வேண்டும். இழப்பீடு கோரும் வரிசையிலே, ‘என் வீடு இங்கேதான் இருந்தது’ என்று சேற்றைக் காட்டி அழும் கட்சிக்காரருக்காக வாதாடுவதிலுள்ள இடர்ப்பாடு என்னைப் போன்றோர்க்குத் தெரியும்.

அயலவரைப் பற்றியும் ஒரு சொல். சீகிரியாவைச் சூழ்ந்த ஊர்களில் நம்மவர் சிறு தொகையினர்; பக்கத்து வீட்டார் சிங்களவர். டித்வா நாட்களில் ஒரே சமையற் கிடாரத்திலிருந்து இருவரும் உண்டனர். மொழியுரிமையை அரசிடம் இம்மியும் விட்டுக்கொடாது கேட்கும் அதே வேளை, ‘நாயயாம’ என்றால் மண்சரிவு, ‘கங்வதுர’ என்றால் வெள்ளம் என்று நம் பிள்ளைகள் அறிந்திருப்பதால் நமக்குக் குறைவு ஏதும் இல்லை. ‘மண்சரிவு’, ‘ஓடு’ என்ற நம் சொற்களை அயல்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்போம். நள்ளிரவில் முதலிற் காண்பவன் யார் என்பதை எவர் அறிவார்?

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முன்னர் ஒவ்வொரு கிளையும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் பிரதேச செயலாளருக்குத் தமிழிலே ஒரு கடிதம் எழுதுங்கள். எமது கிராம அலுவலர் பிரிவின் அனர்த்தத் திட்டம் எது, எச்சரிக்கையைத் தமிழில் அறிவிக்கும் பொறுப்பு யாருடையது, வெளியேறினால் தங்குமிடம் எது என்ற மூன்று வினாக்கள் போதும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கடிதத்தின் படியை இப்பத்திரிகைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மறுமொழி வந்த பிரிவுகளின் பெயர்களையும் வராத பிரிவுகளின் பெயர்களையும் புரட்டாதி இதழிலே அச்சிட ஆசிரியர் உடன்பட்டிருக்கின்றார்.